இரண்டு ஆம்புக்கு நடுவே ஒரு சோப்புப் பெட்டி

மார்ச் 4, திங்கள்

மன்னிக்கவும், இன்றும் நேரம் கெட்ட நேரத்தில்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். யாரிடம் மன்னிப்புக் கேட்கிறேன்? இந்தப் புத்தகத்திடமா? சரி, கேட்டதாக இருக்கட்டும். பாப்பா இப்போதுதான் தூங்கினாள். அவள் அப்பா செபா மோட்டர் சைக்கிளை எடுத்துக்கொண்டு பெர்ரிப் படகுக்குப் போய்விட்டார். இந்த இரண்டு வாரமும் அக்கரையிலுள்ள பிறை ஃபேக்டரியில் அவருக்கு இரவு ஷிஃப்ட். காய்ந்த நாப்கின் மலை மாதிரி நாற்காலியில்.

காற்றே இல்லை. ஒன்பதாம் மாடியிலேயே இப்படி. லிஃப்ட் மறுபடியும் கெட்டுப்போய், செபாவும் அவர் பேண்டில் வாசிக்கும் மணியமும் புது ஆம்பை, கிட்டார் ஒலிபெருக்கிப் பெட்டியை, படியேற்றிக் கொண்டுவந்தார்கள். புதிது என்றால் எங்களுக்குப் புதிது. ஏற்கெனவே யாரோ வாசித்துத் தேய்த்தது. முன்பக்கம் பளபளவென்று ஒரு தகரப் பட்டை, அதில் குமிழ்கள். மணியம் நாலாம் மாடியிலேயே உட்கார்ந்துவிட்டானாம்.

"அண்ணி, இனிமே நான் பேஸ் கிட்டார் வாசிக்க மாட்டேன். முதுகு வாசிக்கும்."

எதற்கு இரண்டாவது ஆம்ப் என்று இதுவரை புரியாமல் இருந்தேன். இன்று கேட்டதும் புரிந்தது. கிட்டார் சத்தத்தை இரட்டிக்கும் செபாவின் கோரஸ் பெடலில் இரண்டு வாய். ஒன்று பழைய ஆம்புக்கு, ஒன்று புதியதற்கு. அறையின் இரண்டு மூலையிலும் வைத்து, எல்லாக் கம்பியும் சேர்ந்தாற்போல் ஒரு கார்ட் போட்டார். ஒரு கிட்டார் இரண்டாகி, சுவருக்கு அந்தப் பக்கம் வேறு யாரோ கூடவே வாசிப்பது போல். பாப்பா வாயிலிருந்த விரலை எடுத்துவிட்டுப் பார்த்தாள்.

கையை எடுத்தால் ம்ம்ம்ம்ம். நிற்காத இரைச்சல்.

"என்னாடா இது, பிரிட்ஜ் ஓடுற மாதிரி?" செபா.

"அது பிரிட்ஜ் இல்லீங்க, மணியம் வயிறு. சாப்டுட்டுப் பாருங்க" என்றேன். சிரித்தார்கள். சாப்பிட்ட பிறகும் ம்ம்ம்.

அடுத்த வாரம் சனிக்கிழமை, பதினாறாம் தேதி, பத்து ஃபிரிங்கி என்ற கடற்கரை ஊரின் ஹோட்டல்காரர் இவர்களை வாசிக்கச் சொல்லிக் கேட்கப் போகிறார். லவுஞ்சில் மெதுவான பாட்டு. மெதுவான பாட்டுக்கு நடுவே இப்படி இரைந்தால் யார் எடுப்பார்கள்? எடுத்தால் செபா இரவு ஷிஃப்டை விட்டுவிடுவார். வாசித்துவிட்டு நடுநிசிக்குள் வீட்டுக்கு வந்துவிடலாம். நான் தனியாகப் படுத்துக்கொண்டு, பாப்பா மூச்சு விடுகிறாளா என்று கை வைத்துக் கை வைத்துப் பார்க்க வேண்டாம்.

அவரைவிட எனக்குத்தான் இந்த வேலை வேண்டியிருக்கிறது. அவரிடம் சொல்லவில்லை.

கேஸ் அடுப்பை மூடியாயிற்று. இன்னொரு தரம் பார்க்க வேண்டும்.


மார்ச் 5, செவ்வாய்

வெயில். பாப்பாவுக்குக் கீழே இரண்டாவது பல் வெள்ளையாகத் தெரிகிறது. உடம்பு லேசாகச் சுடுகிறது. பல்லுக்கா, வேறு எதற்காவதா? பல்லுக்குத்தான் என்று பத்துத் தடவை சொல்லிக்கொண்டேன்.

செபா மத்தியானம் எழுந்ததும் இரைச்சல் வேட்டை. அவர் கேபிளை ஆட்டி ஆட்டிப் பார்ப்பார், அதுதான் அவருக்குத் தெரிந்த வைத்தியம். நான் சொன்னேன், ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்ப்போம்.

பழைய ஆம்ப் மட்டும்: சுத்தம்.
புது ஆம்ப் மட்டும்: சுத்தம்.
இரண்டும்: ம்ம்ம்.
பெடலுக்கு அடாப்டரை எடுத்துவிட்டு பேட்டரி: அப்படியே ம்ம்ம்.

நடுநடுவே ஒரு கரகர. வருகிறது, போகிறது. அது எதிர்வீட்டுச் சீனத் தையல்காரி ஆ சூவின் மெசின் என்று எனக்குச் சந்தேகம். போய்க் கேட்டேன், கொஞ்சம் நிறுத்த முடியுமா என்று. என் பசார் மலாய்க்கு, அந்தக் கடைத்தெருப் பேச்சுக்கு, அவள் மலாய் சரியான ஜோடி. நிறுத்தினாள், ஊசி குத்திய துணியைத் தோளில் போட்டுக்கொண்டு கூடவே வந்து எங்கள் நாற்காலியில் உட்கார்ந்தும் கொண்டாள். கரகர போய்விட்டது. ம்ம்ம் போகவில்லை. ஆக இரண்டு சத்தம், இரண்டு காரணம். கரகர மோட்டாரால். ம்ம்ம் வேறு.

ஆ சூ கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, சாமி கும்பிடும்போது அவர்கள் கோயிலிலும் இப்படித்தான் ஓதுவார்கள், நன்றாகத்தான் இருக்கிறது என்றாள். செபாவுக்குச் சிரிப்பு வரவில்லை.

இரண்டு ஆம்பையும் ஒரே எக்ஸ்டென்ஷனில் குத்தினால் பாதி குறைகிறது. பாதிதான்.

சாயங்காலம் நாப்கின் மடித்துக்கொண்டே யோசித்தேன். புரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். ஒவ்வொரு ஆம்பின் பிளக்கிலும் ஓர் எர்த் கம்பி, சுவர் வழியாகப் பூமிக்கு. அங்கே இரண்டும் ஏற்கெனவே சேர்ந்திருக்கின்றன. கிட்டார் கேபிளில் உள்கம்பியைச் சுற்றியிருக்கும் மேல்பின்னல் பெடல் வழியாக இரண்டையும் இன்னொரு தடவை சேர்க்கிறது. ஒரு வளையம். வளையம் இருந்தால் அதில் கரண்டின் இரைச்சல் சுற்றும். யூனிவர்சிட்டியில் மூன்று வருடம் இயற்பியல் படித்தது இதற்காவது ஆகட்டும். வளையத்தை எங்காவது ஓரிடத்தில் வெட்ட வேண்டும். எங்கே என்பதுதான் கேள்வி.

செபா வேலைக்குக் கிளம்பும்போது அவரிடம் சொன்னேன். ஹெல்மெட்டுக்குள்ளிருந்து, "டாக்டர் ரெஜினா சொன்னா சரிதான்" என்றார். கிண்டல்தான், ஆனால் கன்னத்தைத் தட்டிவிட்டுப் போனார்.


மார்ச் 7, வியாழன்

நேற்று எழுதவில்லை. நேற்று: பாப்பாவைக் கிளினிக்குக்குத் தூக்கிக்கொண்டு போனேன். பல்தான். டாக்டர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, நீங்கள் தூங்குகிறீர்களா என்று கேட்டார். மருந்து எனக்குத்தான் எழுதியிருக்க வேண்டும்.

திரும்பி வந்தால் வீட்டில் ஒரே கொண்டாட்டம். இரண்டு ஆம்பும் ஓடுகின்றன, சிவப்பு விளக்கு எரிகிறது, சத்தம் இல்லை! மின்விசிறி சத்தம் கேட்கிறது, அவ்வளவு அமைதி.

"என்ன செஞ்சீங்க?"

"மணியம் கை வச்சான், போயிருச்சு" என்றார் செபா.

"கைராசி அண்ணி. கல்யாணத்துக்குப் பொண்ணு மட்டும் கெடைக்க மாட்டேங்குது" என்றான் மணியம்.

எனக்கும் சந்தோஷம். என்ன செய்தார்கள் என்று நான் தோண்டிக் கேட்கவில்லை. முட்டை பொரித்துப் போட்டேன்.

இன்று: சாயங்காலம் பயிற்சி, மணியம் வீட்டில். அவன் காரில் ட்ரம்ஸ் சாமானும் ஏற்றியதால் இடமில்லை, புது ஆம்பை மட்டும் எடுத்துப் போனார்கள். திரும்பி வந்து, சாப்பிட்டுக்கொண்டே செபா சொன்னது:

"இன்னிக்கு மைக்கு முத்தம் குடுத்துச்சு."

"என்னது?"

"பாடும்போது ஒதடு பட்டுச்சா, சுருக்குனு ஒரு கடி. எறும்பு மாதிரி. குழம்பு இன்னும் கொஞ்சம் ஊத்து."

ஊற்றினேன். கடி என்றால் கரண்ட். ஏன் வர வேண்டும்? இத்தனை வருடம் வராதது. மணியம் வீட்டு வயரிங் பழசு என்றார். இருக்கலாம். கையில் கிட்டார் கம்பி, உதட்டில் மைக். நடுவில் அவர் நெஞ்சு.

தூங்க முடியவில்லை. அவர் இப்போது மெசின் பக்கத்தில் நின்றுகொண்டிருப்பார். நான் இங்கே எறும்பை நினைத்துக்கொண்டு.


மார்ச் 8, வெள்ளி

மத்தியானம் இடி, ஐந்து நிமிட மழை, பிறகு முன்பைவிடப் புழுக்கம். தவக்கால வெள்ளி, அதனால் கறி இல்லை. சார்டின் மீன் சம்பல். அம்மா போனில்: "தவக்காலத்துல ஹோட்டல்ல பாட்டாடி? மாப்ளகிட்ட சொல்லி ஈஸ்டருக்கு அப்புறம் வச்சுக்கச் சொல்லேன்." நாங்களா தேதி வைத்தோம்?

காலையில் பாப்பாவின் பால்போத்தலுக்கு வெந்நீர் வைக்கப் போனேன், மின்சாரக் கேத்தல் செத்துக் கிடந்தது. பிளக்குக்குள் இருக்கும் ஃபியூஸ் போயிருக்கும். எங்கள் வீட்டு வழக்கம்: ஒரு பிளக்கில் போனால் இன்னொரு பிளக்கிலிருந்து எடுத்துப் போடுவது. அயர்ன்பாக்ஸின் ஃபியூஸ் ஏற்கெனவே விசிறிக்குப் போய்விட்டது. கைக்குக் கிடைத்தது புது ஆம்பின் பிளக். திறந்தேன்.

பச்சை மஞ்சள் எர்த் கம்பி அதன் இடத்தில் இல்லை. பின்னால் மடித்து, பிளாஸ்டர் சுற்றி வைத்திருக்கிறது. வாத்துப் படம் போட்ட பிளாஸ்டர். பாப்பாவுக்கு வாங்கியது.

இதுதான் கைராசி.

வளையத்தை வெட்டியிருக்கிறார்கள், எர்த்தில் வெட்டியிருக்கிறார்கள். சத்தம் போகும்தான். ஆனால் எர்த் எதற்கு இருக்கிறது? உள்ளே ஒரு கம்பி அறுந்து தகரத்தில் பட்டால் கரண்ட் பூமிக்குப் போய் ஃபியூஸ் வெடிப்பதற்கு. எர்த் இல்லையென்றால் அந்தத் தகரம் சும்மா காத்திருக்கும், யாராவது தொடட்டும் என்று. நேற்றைய எறும்பும் அதுதான். பழைய ஆம்ப் கூட இருந்தால் கேபிள் வழியாக அதன் எர்த் கிடைக்கும். நேற்று இதை மட்டும் தனியாக எடுத்துப் போனார்கள். மணியம் வீட்டு வயரிங்மேல் பழி.

இத்தனை நாள் சத்தத்துக்குப் பயந்தேன். பயப்பட வேண்டியது அது நின்றதற்கு.

செபா எழுந்து கோப்பி குடிக்கும்வரை பொறுத்தேன்.

"இந்தப் பச்சக் கம்பி யாரு வேல?"

"ஓ, அதுவா. மணியம். எல்லா பேண்டுலயும் இப்படித்தான் செய்றாங்க ரெஜி. சத்தம் போச்சா இல்லியா?"

"எர்த் இல்லாம ஓடுது. ஷாக் அடிச்சா?"

"அடிக்காதுலா."

"நேத்து ஒதட்டுல அடிச்சுச்சே."

"அது சும்மா எறும்பு. போன மாசம் பாப்பாவுக்கு மூளக் காய்ச்சல்னு டாக்ஸி புடிச்ச. என்னா ஆச்சு? அதுக்கு முந்தி நாணயம் முழுங்கிட்டான்னு எக்ஸ்ரே எடுக்கச் சொன்ன. நாணயம் எங்க இருந்துச்சு? மெத்தைக்கு அடியில. முந்தாநேத்து வேற கிளினிக்கு."

எல்லாம் உண்மைதான்.

ஃபியூஸை மட்டும் திருப்பிப் போட்டேன். கம்பியைத் தொடவில்லை. ஏன்? சனிக்கிழமை நினைவுக்கு வந்தது. பேசாமல் இருந்தால் ஒருவேளை ஒன்றும் ஆகாமலே போகலாம். எல்லா பேண்டிலும் செய்கிறார்களாம். வேலை கிடைத்துவிடும். அவர் ராத்திரியில் வீட்டில் இருப்பார்.

கோயிலில் சிலுவைப்பாதை வழிபாட்டுக்குப் போகவில்லை.


மார்ச் 10, ஞாயிறு

பூசையில் பிரசங்கம் ஒரு வார்த்தை காதில் ஏறவில்லை.

பாப்பா இன்று எழுந்து நின்றாள். முதல் தடவை.

நடந்தது நடந்தபடி எழுதுகிறேன். மத்தியானம் நான் தரை துடைத்துக்கொண்டிருந்தேன், சிமெண்டுத் தரை ஈரம். செபா கிட்டாரை மடியில் வைத்துக் கம்பி மாற்றிக்கொண்டிருந்தார். மணியம் தரையில் படுத்து ஞாயிற்றுக்கிழமைப் பேப்பர். இரண்டு ஆம்பும் ஓடிக்கொண்டிருந்தன. பாப்பா தவழ்ந்து போனாள். "பாரு பாரு பாரு!" என்று செபா. திரும்பினேன். புது ஆம்பின் முன்பட்டையை, அந்தப் பளபளத் தகரத்தை, இடது கையால் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். கால் ஆடுகிறது, வாயெல்லாம் எச்சில், சிரிப்பு. வலது கையில் பெடலிலிருந்து வரும் கேபிள். இழுக்கிறாள். எதைப் பார்த்தாலும் இழுப்பதுதானே அவள் வேலை.

கத்தினேன். என்ன கத்தினேன் என்று தெரியாது. வாளி உருண்டது. பாய்ந்து அவளைப் பிடுங்கித் தூக்கினேன். அவள் பயந்து வீறிட்டு அழுதாள். அவள் உள்ளங்கை, உதடு எல்லாம் பார்த்தேன். ஒன்றும் இல்லை. ஒன்றுமே இல்லை.

"பைத்தியமா ஒனக்கு? புள்ள மொத மொதல்ல நிக்குது, பேய் மாதிரி கத்துற!" செபா. இப்படி அவர் என்னிடம் பேசியதில்லை.

"அந்த ஆம்புல எர்த் இல்ல!"

"எர்த்து எர்த்து எர்த்து! ஒனக்கு எதுலதான் பயம் இல்ல?"

மணியம் பேப்பரை மடித்து, "அண்ணி, நான் அப்புறமா வர்றேன்" என்று செருப்பைத் தேடினான்.

கேபிள் தரையில் கிடந்தது. கழன்றுதான் இருந்தது. எந்த நொடியில் கழன்றது, நான் தூக்குமுன்பா பின்பா?

அவர் கோபத்தோடு கீழே போன பிறகு, பாப்பாவைத் தொட்டிலில் போட்டுவிட்டு, கரண்ட் இருந்தால் எரிந்து காட்டும் டெஸ்ட் பென்னை எடுத்தேன். கேபிள் மாட்டியிருக்கும்போது தகரத்தில் வைத்தால் பென்னில் விளக்கு இல்லை. கேபிளைக் கழற்றினேன், வைத்தேன். ஆரஞ்சு நிறத்தில் எரிந்தது. திரும்ப மாட்டினேன், அணைந்தது. கழற்றினேன், எரிந்தது. சின்னக் கசிவாகத்தான் இருக்கும், இன்றைக்கு யாரையும் கொல்லாது, அது எனக்குத் தெரியும். ஆனால் பாப்பா கேபிளை இழுப்பதற்கும் அந்தத் தகரம் உயிர் பெறுவதற்கும் நடுவில் வேறு ஒன்றும் இல்லை. நாளைக்கு அந்தப் பழைய பெட்டிக்குள் ஏதாவது ஒரு கம்பி அறுந்தால்?

அவள் நின்றதற்கு நான் கைதட்டவில்லை.


மார்ச் 11, திங்கள்

புழுக்கம். தண்ணீர் காலையிலிருந்து நூலாக வருகிறது.

செபா தூங்கும்போது பிளக்கைத் திறந்து வாத்துப் பிளாஸ்டரைப் பிய்த்து எறிந்தேன். பச்சைக் கம்பியை அதன் திருகில் முறுக்கினேன். டெஸ்ட் பென்: இருட்டு. நிம்மதி, ஒரு நிமிடம்.

எழுந்து வந்து சுவிட்சைப் போட்டார். ம்ம்ம்ம்ம்.

"திரும்ப வந்துருச்சு!" என்றார் சுவரைப் பார்த்து. என்னிடம் பேச்சு இல்லை, நேற்றிலிருந்து. நான் செய்தேன் என்று சொல்லியிருக்க வேண்டும். வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன், நறுக்கினேன்.

பாப்பா வழியாகத்தான் போக்குவரத்து.

"பாப்பா, அப்பாவ சாப்ட வரச் சொல்லு."

"பாப்பா, அப்பாவுக்குப் பசி இல்லன்னு சொல்லு."

"பாப்பா, அப்பா பசி இல்லன்னு சொல்லிட்டு மூணு முறுக்கு தின்னுட்டாருன்னு சொல்லு."

பாப்பா "தா" என்றாள். அவர் முகம் கொஞ்சம் இளகியது. ஆனால் சிரிக்கவில்லை.

போனில் மணியத்திடம் சொல்வது கேட்டது: "பிளக்கு லூஸ் ஆயிருச்சு போல. சனிக்கிழமை சாமான் ஏத்த வர்றப்ப நீயே பாத்துரு."

ஆக சனிக்கிழமை மத்தியானம் மணியம் அந்தப் பிளக்கைத் திறப்பான். அதற்குள் நான் வேறு வழி கண்டுபிடித்தாக வேண்டும். சத்தமும் இருக்கக் கூடாது, எர்த்தும் போகக் கூடாது.


மார்ச் 12, செவ்வாய்

பயறு ஊற வைத்தது மறந்து முளைத்துவிட்டது.

இன்று செய்தது: பெடலிலிருந்து புது ஆம்புக்குப் போகும் கேபிளில் ஒரு முனையில் மட்டும் மேல்பின்னலை வெட்டினேன். எர்த் பத்திரம், வளையமும் அறுந்தது என்று கணக்கு. போட்டுப் பார்த்தால் ம்ம்ம் இன்னும் தடிப்பாக. சிக்னல் திரும்பிப் போக வழியில்லாமல் சுவர் எர்த் வழியாகச் சுற்றிப் போகிறது, அங்கிருக்கும் அழுக்கையெல்லாம் வாரிக்கொண்டு. முன்பே தோன்றியிருக்க வேண்டும். கேபிளைத் திரும்ப ஒட்டவைத்தேன். சால்டரிங் புகை போக ஜன்னல் எல்லாம் திறந்து, பாப்பா ஆ சூ வீட்டில். ஆ சூ அவளை வெட்டுத்துணி மூட்டைமேல் உட்கார வைத்திருக்கிறாள், ராணி மாதிரி.

படுத்தபிறகு தோன்றியது, எழுந்து வந்து எழுதுகிறேன். டிரான்ஸ்பார்மர். சின்னது, டெலிபோனில் போடுவது. ஒரு சுருளிலிருந்து இன்னொரு சுருளுக்குச் சத்தம் தாண்டிப் போகும், கம்பித் தொடர்பு இல்லாமல். இரண்டு ஆம்பும் எர்த்தோடு இருக்கலாம், நடுவில் மட்டும் ஒட்டாது. யூனிவர்சிட்டி லேபில் கையில் வைத்திருந்திருக்கிறேன்.

இது சரியா, இல்லை ஆசையா?


மார்ச் 13, புதன்

லிஃப்ட் ஓடுகிறது! பாப்பாவைச் சாரோங் துணியில் கட்டிக்கொண்டு பஸ்ஸில் டவுனுக்கு. வெயில் மண்டையைப் பிளந்தது. ரேடியோ சாமான் கடைகள். முதல் கடையில் இல்லை. இரண்டாவது கடையில் கடைக்காரர் கதவுமணி டிரான்ஸ்பார்மரை எடுத்து வைத்தார். அது இல்லை என்றேன். குழந்தையோடு வரும் பெண்ணுக்குக் கதவுமணிதான் வேண்டும் என்று அவர் தீர்மானம். கிட்டாருக்கு என்றதும், உன் புருஷனை வரச் சொல் என்றார். நானே அலமாரிக்குள் கை விட்டுத் தேடி எடுத்தேன். பெருவிரல் நகம் அளவு.

சாயங்காலம், செபா கிட்டாரை மட்டும் எடுத்துக்கொண்டு பயிற்சிக்குப் போனதும் வேலை. இருமல் மிட்டாய் டின் ஒன்று, தகரம், நல்ல உறுதி. இரண்டு பக்கமும் ஓட்டை போட்டு, கேபிள் செருகும் இரண்டு ஜாக், உள்ளே டிரான்ஸ்பார்மர். பார்க்க அழகாக இருந்தது, கடையில் வாங்கியது மாதிரி. மாட்டினேன். பழைய ஆம்ப் ஓடுகிறது, புது ஆம்ப் ஓடுகிறது.

ம்ம்ம்ம்ம்.

கொஞ்சமும் குறையவில்லை. டின்னைக் கையில் வைத்துக்கொண்டு அழுதேன். பாப்பா என் முகத்தைப் பார்த்து அவளும்.

இன்னும் மூன்று நாள் கூட இல்லை. சொல்லிவிடலாமா அவரிடம்? சொன்னால், நீதான் சத்தத்தைத் திரும்பக் கொண்டுவந்தாயா என்பார். ஆம் என்று சொல்ல வேண்டும்.


மார்ச் 14, வியாழன்

பாப்பாவைக் குளிப்பாட்டும்போது புரிந்தது. தகர டப்பாவில் தண்ணீர் மொண்டு ஊற்றுகிறேன், டப்பாவைப் பார்க்கிறேன். டின்! தகரம்! இரண்டு ஜாக்கையும் ஒரே தகரத்தில் திருகியிருக்கிறேன். டிரான்ஸ்பார்மர் பிரித்ததை டின் சேர்த்துவிட்டது. முட்டாள். மூன்று வருடம் இயற்பியல். சோப்பு நுரையோடு பாப்பாவைத் தூக்கிக்கொண்டு கூடத்துக்கு ஓடினேன், திரும்ப ஓடிவந்து கழுவினேன்.

பிளாஸ்டிக் பெட்டி வேண்டும். வீட்டில் என்ன இருக்கிறது? பாப்பாவின் சோப்புப் பெட்டி, ரோஸ் நிறம், மூடியில் முயல். சோப்பைத் தட்டில் வைத்துவிட்டுப் பெட்டியை எடுத்துக்கொண்டேன். ஓட்டை சூடான ஆணியால்.

செபா வேலைக்குப் போய், பாப்பா தூங்கிய பிறகு மாட்டினேன். இரண்டு பிளக்கிலும் எர்த் இருக்கிறதா என்று திறந்து பார்த்தேன். மூடினேன். திரும்பத் திறந்து பார்த்தேன். இருக்கிறது. சுவிட்ச் போட்டேன். சிவப்பு விளக்கு. இன்னொரு சிவப்பு விளக்கு.

எதிர்வீட்டு ரேடியோ கேட்டது. கீழே யாரோ மோட்டரை உதைத்து உதைத்து ஸ்டார்ட் செய்வது கேட்டது.

எனக்குத் தெரிந்தது ஒரே ஒரு கார்ட். அதைப் போட்டேன், ரொம்ப மெதுவாக. இரண்டு மூலையிலிருந்தும் வந்தது. கேபிளைப் பிடுங்கிப் புது ஆம்பின் தகரத்தில் டெஸ்ட் பென் வைத்தேன். எரியவில்லை.

ஆனால் சத்தம் குறைத்து வைத்துத்தான் பார்த்தேன். ஹோட்டலில் சத்தத்தைத் திருகி ஏற்றினால் எப்படி இருக்கும் என்று தெரியாது. அங்கே வெளிச்சம் குறைக்கிற டிம்மர் விளக்குகள் வேறு இருக்கும், அவை கரகரக்கும். அது வேறு சத்தம், எர்த்தின் குற்றமில்லை. ஆனால் மணியம் கேட்பானா? கரகர என்றதும் ஸ்க்ரூட்ரைவரை எடுப்பான்.


மார்ச் 15, வெள்ளி

மழை வரும் போல இருந்து வரவில்லை.

செபா காலையில் வந்ததும் தூங்கினார், எழுந்ததும் போன், மணியம் வீடு, அங்கிருந்தே பெர்ரி. பாப்பா வழியாக, "அப்பா, சோப்புப் பெட்டியப் பாருங்க" என்று சொல்ல வாயெடுத்தேன். "பாப்பா, அப்பாவுக்கு லேட்டாச்சு, நாளைக்குப் பேசுவோம்னு சொல்லு" என்றார். ஆனால் வாசலில் நின்று பாப்பாவின் காலைப் பிடித்து, "ராத்திரி நின்னாளா?" என்று நேராக என்னைக் கேட்டார். ஐந்து நாளில் முதல் வார்த்தை. நின்றாள் என்றேன். நாற்காலியைப் பிடித்து. தலையாட்டிவிட்டுப் போனார்.

நாளை காலை பாப்பாவுக்கு ஊசி, கிளினிக்கில் வரிசை பிடிக்க விடியும்போதே போக வேண்டும். அவர் வருவார், நான் இருக்க மாட்டேன். நான் திரும்ப மத்தியானம் தாண்டும், அதற்குள் மணியம் சாமான் ஏற்ற வந்துவிடுவான். ஆகவே இந்தப் பக்கத்தைத் திறந்து புது ஆம்பின் மேல் வைத்துவிட்டுப் போகிறேன். செபாவுக்குத் தமிழ் எழுத்துக்கூட்டித்தான் வரும், ஆறாம் வகுப்போடு விட்டது. இனிமேல் பெரிய எழுத்து.

செபா,

பிளக்கில் பச்சைக் கம்பியைத் திரும்ப வைத்தது நான். திங்கட்கிழமை. சொல்லாதது தப்பு.

பெடலுக்கும் புது ஆம்புக்கும் நடுவில் இந்த ரோஸ் பெட்டியை மாட்டுங்கள். பேஸ் கொஞ்சம் மெலியும், குமிழைத் திருப்பிக்கொள்ளுங்கள். மணியம் வருமுன் முழுச் சத்தத்தில் வாசித்துப் பாருங்கள். ஆ சூவிடம் சொல்லிவிட்டேன், திட்ட மாட்டாள்.

இரைந்தால் இரையட்டும். பிளக்கை மட்டும் யாரும் திறக்க வேண்டாம். வேலை கிடைக்காவிட்டால் நான் இன்னும் தனியாகப் படுத்துக்கொள்கிறேன், பழகிவிட்டது.

காய்ச்சலுக்கும் நாணயத்துக்கும் நீங்கள் சொன்னது சரி. இதற்கு நான் சொல்வது சரி. டெஸ்ட் பென் பெட்டி பக்கத்தில் இருக்கிறது, நீங்களே வைத்துப் பாருங்கள்.

மணியம் வருவதற்குள் கிளினிக்குக்கு ஒரு போன் செய்யுங்கள், கவுண்டரில் என்னைக் கூப்பிடுவார்கள். வாசித்துப் பார்த்தீர்களா, இரைகிறதா, பிளக் மூடியிருக்கிறதா என்று மட்டும் சொல்லுங்கள். சீக்கிரம் சொல்லுங்கள்.